தோற்றவர் வீட்டுச் சாப்பாடு

கால்பந்தில் எனக்கு ஆட்டக்காரர்களைவிட மேனேஜர்களைத்தான் பிடிக்கும். அவர்கள் கோட்டுக்கு வெளியே நிற்கிறார்கள். உள்ளே நடக்கிற எல்லாவற்றுக்கும் அவர்கள்தான் பொறுப்பு. ஆனால் பந்தைத் தொட முடியாது. கத்தலாம், கை காட்டலாம், ஆளை மாற்றலாம். அவ்வளவுதான்.

போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் வேலை பார்க்கிறேன். மலையிலிருந்து வரும் காயைச் சலித்து, ரகம் பிரித்து, ஏலத்துக்கு அனுப்புகிற கடை. எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் தங்குகிற காய் முதல் ரகம். கீழே விழுந்தால் அடுத்த ரகம். மில்லிமீட்டர் என்றால் என்ன என்று எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

2019 ஜனவரியில் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக லிவர்பூலுக்கு ஒரு கோல் கிடைத்திருக்க வேண்டும். பந்து கோட்டை முழுசாகக் கடக்கப் பதினோரு புள்ளி ஏழு மில்லிமீட்டர் பாக்கி இருக்கும்போது சிட்டியின் ஸ்டோன்ஸ் காலை நீட்டி வெளியே தள்ளிவிட்டார். அந்த ஆட்டத்தில் லிவர்பூல் தோற்றது. அந்தப் பருவம் முழுக்க லீக்கில் அவர்கள் தோற்றது அந்த ஒரு ஆட்டம்தான். கடைசியில் சிட்டிக்குத் தொண்ணூற்றெட்டு புள்ளி, லிவர்பூலுக்குத் தொண்ணூற்றேழு. செய்தியைப் படித்துவிட்டு இரண்டு முதல் ரகக் காயை எடுத்து, ஒன்றின் பக்கத்தில் இன்னொன்றைப் படுக்க வைத்துப் பார்த்தேன். ஒன்றரைக் காய் அகலம். அதற்குள் ஒரு வருட உழைப்பு போய்விட்டது.

"என்ன தம்பி, காய வச்சு தாயம் ஆடுறீக?" என்று கேட்டார் காய் பிரிக்கிற ஒரு அக்கா.

நான் லிவர்பூல்காரன். இருந்தாலும் எங்கள் மேனேஜர் க்ளோப்பையும் சிட்டி மேனேஜர் கார்டியோலாவையும் சமமாகவே மதிக்கிறேன். இருவரும் ஒருவரை ஒருவர் வளர்த்தார்கள். க்ளோப்பின் ஆட்கள் ஓடி வந்து முட்டுவார்கள் என்பதற்காக கார்டியோலா புதிது புதிதாக வழி தேடினார். கார்டியோலா தேடுவார் என்பதற்காக க்ளோப் இன்னும் வேகமாக ஓட வைத்தார். 2024-இல் க்ளோப், தன்னிடம் தெம்பு தீர்ந்துகொண்டு வருகிறது, பருவம் முடிந்ததும் போகிறேன் என்றார். இனிமேல் கொஞ்சம் நன்றாகத் தூங்குவேன் என்றார் கார்டியோலா. அதே மூச்சில், எங்களிடமிருந்தும் ஏதோ ஒன்று போகிறது என்றார். எனக்கு அது புரிந்தது.

ஏனென்றால் எனக்கும் ஒருவர் இருந்தார். பாண்டித்துரை. என் மனைவி சுசித்ராவின் அண்ணன். பூர்வீகம் சிலமலை. வேலை, குடியிருப்பு எல்லாம் மேலே, போடிமெட்டு தாண்டி, பூப்பாறைப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில். சூப்பர்வைசர். தோட்டத்து ஆட்களை வைத்து ஏழு பேர் ஆடுகிற டீம் ஒன்றை நடத்துகிறார். கீழே போடியில் அதேபோல ஒரு டீமை நான் நடத்துகிறேன். வருஷத்துக்கு ஒரு ஆட்டம். கோடையில், காய் எடுப்பு முடிந்து மழை பிடிப்பதற்குள்.

எங்கள் கல்யாணத்துக்கு அடுத்த கோடையில் முதல் ஆட்டம் நடந்தது. நாங்கள் ஜெயித்தோம். எங்கள் பயல்கள் வெடி போட்டார்கள். பாண்டித்துரை சாப்பிடாமலே ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். ஒரு மாதம் பேசவில்லை. அதற்குப் பிறகுதான் சுசி சட்டம் போட்டாள். தோற்றவர்தான் அடுத்த வருஷம் வெற்றிலை பாக்கு வைத்து ஜெயித்தவரை அழைக்க வேண்டும். தோற்றவர் மைதானத்தில்தான் ஆட்டம். தோற்றவர் வீட்டில்தான் ரெண்டு டீமுக்கும் மதியச் சாப்பாடு.

"ஜெயிச்சவனுக்குத் திமிரு இருக்கும், அவனா வர மாட்டான். தோத்தவனுக்கு ரோசம் இருக்கும், அவனும் வர மாட்டான்" என்றாள். "ரோசக்காரனுக்கு ஒரு வேலையைக் குடுத்துட்டா வந்துதான ஆகணும்."

அந்தச் சட்டத்தால் ஆட்டம் சமமாக இருந்தது. சொந்த மண், சொந்தச் சாப்பாடு. மாறி மாறி ஜெயித்தோம். சாப்பாட்டிலும் தந்திரம் உண்டு. வந்த டீமுக்கு நிறையப் போட வேண்டும். போன வருஷம் போடியில் ஆட்டம். மலை டீமின் முன்னணி ஆட்டக்காரன் திருப்பதிக்கு சுசி மூன்று தடவை பாயாசம் ஊற்றினாள். "எங்க அண்ணனோட ஆளு, நான் கவனிக்காம யாரு கவனிப்பா?" என்றாள். திருப்பதியால் ஓட முடியவில்லை. ஒன்றுக்குச் சுழி என்று ஜெயித்தோம்.

ஐப்பசி மழையில் அவளுக்கு டெங்கு வந்தது. மதுரையில் வைத்துப் பார்த்தோம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். உள்ளே எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். நன்றாகத்தான் ஓடினார்கள்.

பிறகு நான் கடைக்குப் போனேன், வந்தேன். ஓட்டலில் சாப்பிட்டேன். ஆட்டங்களைக் கைபேசியில் பார்த்தேன். கோல் விழுந்தால் யார் அடித்தது என்று பார்ப்பேன். வேறு ஒன்றும் தோன்றாது.

சித்திரை கடைசியில் சின்ராசு கடைக்கு வந்தான். எங்கள் டீமின் தடுப்பாட்டக்காரன் அவன்தான். ஆறடி. பஜாரில் மூட்டை ஏற்றி இறக்குகிறவன்.

"அண்ணே, வெத்தலை இன்னும் வரல."

"வரும்."

"எங்க வரும்? மழை புடிச்சுருச்சுன்னா அந்த மேட்டுல பந்து ஆட முடியாது. வாத்துதான் மேய்க்கலாம்."

நான் சல்லடையை ஆட்டிக்கொண்டிருந்தேன். அவன் போகவில்லை.

"பயலுக ஒன்னு பேசிக்கிட்டாங்க. தப்பா நெனைக்கக் கூடாது."

"சொல்லு."

"இந்த வருஷம் மட்டும் நம்ம பேச்சிமுத்து அண்ணன மேனேஜரா வச்சுக்கலாம்னு. அவரு வீட்டுக்குன்னா வெத்தலை வரும்ல."

"என் வீட்டுக்கு வந்தா என்ன?"

சின்ராசு கீழே குனிந்து சிந்திய காயைப் பொறுக்கினான். "வருசம் திரும்பாத வீட்டுக்கு எவன்ணே வெத்தலை வைப்பான்?"

உண்மைதான். ஆறேழு மாதமாக எந்தக் கல்யாணத்துக்கும் என்னை யாரும் அழைக்கவில்லை. தெருவில் தட்டோடு வருகிறவர்கள் என் வாசலைத் தாண்டிப் போவார்கள். நல்லதாகப் போயிற்று என்றுதான் இருந்தேன். காரணத்தை யோசிக்கவில்லை. சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்புகிற வரைக்கும் நல்ல காரியத்துக்கு வெற்றிலை வைக்கக் கூடாது. எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும்.

"சரி" என்றேன். "பேச்சிமுத்துவே நடத்தட்டும்."

"கோவமாண்ணே?"

"இல்ல."

கோபம் இல்லை. ஒன்றும் இல்லை. அதுதான் சின்ராசுவுக்குச் சங்கடமாக இருந்தது என்று நினைக்கிறேன். தலையைச் சொறிந்துகொண்டு போனான்.

இரண்டு நாளில் திரும்பி வந்தான். பேச்சிமுத்து மேலே போன் போட்டிருக்கிறார். பாண்டித்துரை, டீம் ஆட்டத்துக்கு இறங்காது என்று சொல்லிவிட்டாராம்.

"ஏனாம்?"

"சொல்லலையாம். இறங்காதுன்னா இறங்காதுன்னு வச்சுட்டாராம். முடிஞ்சுச்சுண்ணே. இனி நீங்களும் அவரும்..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான்.

அவன் நிறுத்தியதை நான் முடித்துப் பார்த்தேன். சுசி போன பிறகு எனக்கும் பாண்டித்துரைக்கும் இடையில் என்ன இருக்கிறது? பிள்ளை இல்லை. சொத்துப் பேச்சு இல்லை. சண்டைகூட இல்லை. காரியம் முடிந்த பிறகு நாங்கள் பேசவே இல்லை. பேசுவதற்கு விஷயம் இல்லை. அவர் மாப்ளே என்று கூப்பிடுவதற்கு மிச்சம் இருந்த ஒரே சாக்கு அந்த ஆட்டம். ஒரு வருஷம் விட்டால் அது விட்டதுதான். மறு வருஷம் யார் யாரை அழைப்பது?

மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, விடியற்காலையில் தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப் போகிற ஜீப்பில் ஏறினேன். பேச்சிமுத்துவோடு ஆடச் சொல்லிப் பாண்டித்துரையைக் கேட்பது என்று முடிவு செய்திருந்தேன். ஆட்டம் நின்றுவிடக் கூடாது. நான் இல்லாவிட்டாலும்.

ஜீப்பில் இடமில்லை. பின்கம்பியில் தொங்கிக்கொண்டிருந்த என்னை ரோஜா அக்கா உள்ளே இழுத்தார். ராசிங்காபுரத்துக்காரர். பாண்டித்துரை தோட்டத்தில் வேலை.

"சூப்பர்வைசர் மச்சினன் வர்றாரு, ஒதுங்கிக் குடுங்கடி" என்றார். பிறகு என்னிடம், "சண்டைக்கா, சமாதானத்துக்கா?"

"ரெண்டும் இல்லக்கா."

"ரெண்டும் இல்லாமப் போறதுக்கா இம்புட்டுக் குளிர்ல தொங்கிக்கிட்டு வர்றீக?"

மற்ற பெண்கள் சிரித்தார்கள். முந்தல் தாண்டி ஜீப் வளைந்து வளைந்து ஏறியது. யாரோ வாந்தி எடுத்தார்கள். யாரோ எலுமிச்சம்பழம் கொடுத்தார்கள்.

பாண்டித்துரை மருந்தடிக்கிற ஆட்களுக்கு வேலை சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார். மெலிந்திருந்தார். தாடி.

"வாங்க மாப்ளே. சாப்டீகளா?"

"ஆச்சு மச்சான்."

"எங்க, ஓட்டல்லயா?"

 இருவரும் மைதானத்துப் பக்கம் நடந்தோம். அது மைதானம் என்று சொல்வதே அதிகம். சரிவில் ஒரு இடத்தைச் சமமாக்கியிருக்கிறார்கள். ஒரு பக்கம் பாறை. மற்ற பக்கம் நீளத்துக்கும் ஏலத்தோட்டம். தோட்ட முதலாளி ஒரே ஒரு நிபந்தனையோடு இடம் கொடுத்திருக்கிறார். தோட்டத்துக்குள் வெளியாள் கால் வைக்கக் கூடாது. ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் நின்றாலும் பூச்சரம் தரையில்தான் படரும். வைகாசியில் பூ எடுக்கும். தெரியாதவன் நடந்தால் ஒவ்வொரு அடிக்கும் நாளைய காயை மிதிப்பான்.

"பேச்சிமுத்து நல்ல ஆளு மச்சான்" என்றேன். "ஆடுங்க."

"நல்ல ஆளுதான்."

"அப்புறம் என்ன?"

"பேச்சிமுத்துவ ஜெயிச்சு நான் என்ன செய்யப் போறேன்?" என்றார். "அவரு எப்ப ஆள மாத்துவாரு, எப்பக் கத்துவாரு, எனக்கு என்ன தெரியும்? நீங்க மூக்கச் சொறிஞ்சா எடது பக்கம் ஆள் வர்றான்னு எனக்குத் தெரியும். வருசம் பூரா உக்காந்து உங்களத்தான் நெனைச்சுருக்கேன். பொண்டாட்டியக்கூட அப்பிடி நெனைச்சதில்ல."

மூக்கைச் சொறிவது எனக்கே தெரியாது.

"அப்ப வெத்தலை குடுக்க வேண்டியதான?"

"எங்க வச்சுக் குடுக்க? உங்க வீட்டு வாசல்ல வந்து நின்னா எங்க ஆத்தா என்னைய வீட்டுக்குள்ள விட மாட்டா. தங்கச்சி போன வீட்டுக்கே வெத்தலை எடுத்துட்டுப் போனாம் பாருன்னு ஊரு பேசும். நானும்தான் யோசிக்கிறேன். ரெண்டு தடவை வெத்தலை வாங்கி வச்சு வாடிப் போச்சு."

"போன்ல சொல்லியிருக்கலாம்ல."

"தோத்தவன் போன்லயா கூப்புடுவான்? அவ போட்ட சட்டம் அப்பிடியா?"

ஊர் வாயால் இல்லாமல், சுசியைப் பற்றி அவரே சொன்ன முதல் வார்த்தை அது. அவ. இருவரும் பாறையில் உட்கார்ந்திருந்தோம். ஃபெர்குசனைப் பற்றி அவரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. இருபத்தாறு வருஷம் ஒரே கிளப்பில் மேனேஜராக இருந்தவர். போகிறேன் என்று ஒரு தடவை சொல்லிவிட்டு மனதை மாற்றிக்கொண்டவர். கடைசியில் மனைவியின் சகோதரி இறந்து, மனைவி வீட்டில் தனியாக இருக்கிறார் என்பதற்காக விட்டுப் போனார். ஐந்து வருஷம் கழித்து அவருடைய பழைய எதிரியான இன்னொரு மேனேஜர் வெங்கர் விடைபெறும் நேரத்தில், ஃபெர்குசன் தன் பழைய மைதானத்துக்கு வந்து நினைவுப்பரிசு கொடுத்தார். அத்தனை வருஷம் ஒருவரை ஒருவர் கரித்துக் கொட்டியவர்கள். படத்தில் இருவரும் சிரிக்கிறார்கள். எதிரியைவிட நம்மை யார் அதிகம் கவனிக்கிறார்கள்? இதையெல்லாம் சொல்லவில்லை.

"வெத்தலை இல்லாட்டி வேற எதையாச்சும் குடுங்க" என்றேன்.

"வேற என்ன குடுக்க? மருந்து டப்பாவா?"

பிறகு எழுந்து போனார். ஸ்டோர் ரூமிலிருந்து பந்தை எடுத்து வந்தார். தோல் உரிந்த பழைய பந்து. இரண்டு கையாலும் பிடித்து, தட்டை நீட்டுகிற மாதிரி நீட்டினார்.

"இந்தாங்க. ஞாயித்துக்கெழமை கொண்டாங்க. இதுக்குச் சாத்திரம் ஒன்னும் கெடையாது."

வாங்கிக்கொண்டேன். இறங்கும்போது ஜீப்பில் அதை மடியில் வைத்திருந்தேன். காற்று கொஞ்சம் குறைவாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் டீமை ஏற்றிக்கொண்டு மேலே போனோம். பேச்சிமுத்துவும் வந்தார். பதவி பறிபோனதில் அவருக்குத்தான் சந்தோஷம். கோழிக்குழம்பின் வாசனை வந்ததும், "மேனேஜர் வேலையில இந்தப் பகுதி மட்டும் நான் பாத்துக்கிறேன்" என்றார். பாண்டித்துரையின் மனைவி சூர்யகலா சோறும் கோழிக்குழம்பும் கப்பை என்கிற மரவள்ளிக்கிழங்கும் போட்டார். எங்கள் ஆட்களுக்கு மட்டும் திரும்பத் திரும்பக் கிழங்கு வந்தது.

"போதும்க்கா" என்றான் சின்ராசு.

"போன வருசம் எங்க திருப்பதிக்குப் பாயாசம் ஊத்தும்போது போதும்னு யாராச்சும் சொன்னீகளா?"

ஒரு நொடி எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கிழங்கைப் பிட்டுச் சாப்பிட்டேன். பேச்சு மறுபடி தொடங்கியது.

விட்டுக்கொடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை. விட்டுக்கொடுத்தால் பாண்டித்துரை கண்டுபிடித்துவிடுவார். பிறகு என் முகத்தில் விழிக்க மாட்டார். இரண்டு நாள் யோசித்துத்தான் போயிருந்தேன். மலை டீமுக்கு மூச்சு அதிகம். அந்த உயரத்தில் எங்கள் ஆட்களுக்கு அரை மணியில் நெஞ்சு அடைக்கும். அதனால் எங்கே இளைப்பாறுவது என்பதுதான் என் திட்டமே. பந்து ஏலத்தோட்டத்துக்குள் போனால் தோட்டத்து ஆள் ஒருவர் சரத்தை மிதிக்காமல் பார்த்துப் பார்த்து நடந்து போய்த் தேடி எடுத்து வர வேண்டும். ஒவ்வொரு தடவையும் நேரமாகும். மேலே ஆடும்போதெல்லாம் கொடுக்கிற அதே உத்தரவைத்தான் எங்கள் ஆட்களுக்குக் கொடுத்திருந்தேன். பந்து தோட்டத்துக்குள் விழுந்தால் உடனே கோட்டுக்கு வந்து தண்ணீர் குடியுங்கள். ஓடாதீர்கள், பேசாதீர்கள், மூச்சு வாங்குங்கள்.

திட்டம் வேலை செய்தது. முதல் பாதியில் பந்தைத் தோட்டத்துக்குள் நாங்களே அடித்தோம். நாலைந்து தடவை. பாண்டித்துரை மறுபக்கக் கோட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.  அவர் ஆள் ஒருவன் நிதானமாக உள்ளே போய்த் தேடி எடுத்து வந்தான். எங்கள் ஆட்கள் தண்ணீர் குடித்தார்கள். இளைப்பாறியதன் பலன் இடைவேளைக்குச் சற்று முன் தெரிந்தது. நாங்கள் ஒரு கோல் அடித்தோம்.

இரண்டாம் பாதியில் அவர் திருப்பதியை நடுவிலிருந்து இடது ஓரத்துக்கு மாற்றினார். நான் அதை எதிர்பார்க்கவில்லை. பதிலுக்கு ஆளை மாற்றுவதற்குள் திருப்பதி உள்ளே வெட்டி வந்து சமன் செய்தான். கோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பாண்டித்துரை என்னைப் பார்த்தார். நான் மூக்கைச் சொறிய நினைத்துக் கையைக் கீழே போட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

கீழே பள்ளத்திலிருந்து மூடுபனி ஏற ஆரம்பித்தது. பூப்பாறையிலிருந்து வந்திருந்த மலையாளி நடுவர் மணியைப் பார்த்தார். இன்னும் கொஞ்ச நேரம்தான். சமன் என்றால் பெனால்டி. பெனால்டியில் எங்கள் கீப்பர் நல்லவன். சின்ராசு பந்தை ஓங்கித் தோட்டத்துக்குள் அடித்தான். சரியான முடிவு. நான் தலையாட்டினேன். எங்கள் ஆட்கள் ஏழு பேரும் கோட்டுக்கு வந்தார்கள். கீப்பர் பாட்டிலை வாயில் வைத்தான்.

பந்து உள்ளே விழுந்த சத்தம்கூட அடங்கவில்லை. ஏலச்செடிகளுக்கு நடுவிலிருந்து பந்து திரும்பி வந்தது.

ரோஜா அக்கா உள்ளே உட்கார்ந்திருந்தார். இடைவேளையிலிருந்தே. இரண்டு வரிசைக்கு நடுவே, சரம் இல்லாத இடமாகப் பார்த்து. ஆள் உயரச் செடி, வெளியே ஒன்றும் தெரியாது. விழுந்த பந்தை அப்படியே எடுத்து வீசினார். மலை ஆள் ஒருவன் கோட்டில் தயாராக நின்றிருந்தான். பந்தைப் பிடித்து எறிந்தான். திருப்பதி தனியாக நின்றுகொண்டிருந்தான். அவனுக்கும் கோலுக்கும் நடுவில் யாருமே இல்லை. மெதுவாகத்தான் உருட்டிவிட்டான்.

"அண்ணே, இது ஏமாத்து!" சின்ராசு நடுவரிடம் ஓடினான். "அந்தக்கா உள்ள ஒளிஞ்சு உக்காந்துருக்கு!"

நடுவர் ரோஜாவைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். பந்து வெளியே போன இடத்திலிருந்துதான் எறிந்திருக்கிறார்கள். "கோல் தன்னே" என்று நடுவைக் காட்டினார்.

"நான் எங்க தோட்டத்துல உக்காந்துருக்கேன், ஒனக்கு என்னய்யா?" என்று ரோஜா அக்கா செடிக்குள்ளிருந்தே கேட்டார்.

நான் அந்தக் கோலை முன்பே பார்த்திருக்கிறேன். எத்தனை தடவை என்று சொல்ல முடியாது. 2019 மே மாதம். லிவர்பூலும் பார்சிலோனாவும். முதல் ஆட்டத்தில் மூன்று கோலில் தோற்றுவிட்டு, சொந்த மண்ணில் நாலு அடித்து லிவர்பூல் மேலே போன ஆட்டம். பந்து வெளியே போனால் பார்சிலோனாக்காரர்கள் கவனம் விடுகிறார்கள் என்று முன்பே கண்டுபிடித்து, பந்து எடுத்துக் கொடுக்கிறவர்களிடம் சீக்கிரம் கொடுக்கச் சொல்லி வைத்திருந்தார்களாம். மூலையில் பந்து உடனே வந்தது. எதிராளிகள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும்போதே உதைத்தார்கள். நாலாவது கோல். சுசிக்கு அதை நான் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டியிருக்கிறேன். "பாரு, எதிரி எப்ப தண்ணி குடிக்கிறான்னு பாக்குறதுதான் மேனேஜர் வேல" என்று சொல்லியிருக்கிறேன்.

ஆட்டம் முடிந்தது. இரண்டுக்கு ஒன்று. பாண்டித்துரை மைதானத்தைக் கடந்து என்னிடம் வந்தார். பனிக்குள் ஆட்கள் கத்துவது மட்டும் கேட்டது.

"முதல் பாதியில ஏன் அந்தக்காவ வைக்கல?" என்றேன்.

"மொதல்லயே வச்சா நீங்க தண்ணி குடிக்கிறத நிறுத்திருவீகளே. குடிச்சுப் பழகட்டும்னு விட்டேன்."

"ஒரு கோல் வாங்கிக்கிட்டுமா?"

"ஒன்னு வாங்குனா ரெண்டு அடிக்கலாம்ல."

ஒரு கோல் விழுந்தும், ஒரு பாதி முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடிந்திருக்கிறது அவரால். எங்கள் ஆட்களை அவர் எனக்கு மேல் பழக்கியிருக்கிறார். பெரிய மைதானங்களில் கோட் போட்டு நிற்கிறவர்களிடம் நான் வியக்கிற விஷயமே அதுதான். தெரிந்துகொண்டும் பேசாமல் நிற்பது.

"இத யாரு சொன்னது உங்களுக்கு?"

அவர் பந்தை எடுத்துச் சேற்றைத் துடைத்தார்.

"போன வருசம் தோத்துட்டுக் கெளம்புறப்ப ஜீப்பு வரைக்கும் வந்தா. 'அண்ணே, இவரு பந்து தோட்டத்துக்குள்ள போனா ஆளுகளத் தண்ணி குடிக்கச் சொல்றாரு. அடுத்த வருசம் மேல ஆட்டம் நடக்கும்ல, பாத்துக்க'ன்னா. லிவர்பூல் கதையவும் சொன்னா. போன்ல எடுத்துக் காமிச்சா." பந்தைத் திருப்பிப் பிடித்தார். "பாயாசத்தையும் ஊத்திட்டு இதையும் சொல்லிட்டுப் போறா பாருங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. சின்ராசு திரும்பிப் பார்த்தான். தோற்ற பிறகு மேனேஜர் சிரிப்பதை அவன் பார்த்ததில்லை. அவள் இரண்டு டீமுக்கும் ஆடியிருக்கிறாள். ஒரு வருஷம் எனக்கு, ஒரு வருஷம் அவருக்கு. சிரிப்பு நின்றதும் முகம் நனைந்திருந்தது. மூடுபனிதான் கொஞ்சம். பாண்டித்துரை பந்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஜீப் கிளம்பும்போது சூர்யகலா அக்கா பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அடுத்த வருசம் உங்க வீட்டுலல்ல சாப்பாடு?"

"ஆமாக்கா."

"பதினஞ்சு பேருக்கு மேல வருவோம். ஓட்டல்ல வாங்கிப் போட்டுறலாம்னு இருக்காதீக. சட்டத்துல அது இல்ல."

"இல்லக்கா."

"வெத்தலையோட வரணும் மாப்ளே" என்றார் பாண்டித்துரை. "அப்ப வருசம் திரும்பிரும். சாக்கு கெடையாது."

மறுநாள் காலையில் கடைக்குப் போவதற்கு முன் பரணில் ஏறினேன். சுசி பாயாசம் வைத்த பெரிய அண்டா பின்னால் கவிழ்ந்து கிடந்தது. இறக்கும்போது கைப்பிடி இடித்து நெற்றியில் பட்டது. உள்ளே ஒரு பல்லி. விரட்டிவிட்டு, புளி போட்டுத் தேய்த்து, கழுவி, வெயிலில் கவிழ்த்து வைத்தேன்.

இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. அதற்குள் பாயாசம் வைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். திருப்பதி நாலு டம்ளர் குடிப்பான்.